பூட்டுக்குச் சொன்ன பயணம்

பிரியாணியில் கிடக்கும் பட்டையை மென்று தின்ற ஒரே ஆளை நான் எங்கள் வீட்டில்தான் பார்த்தேன். போர்ச்சுகல்லிலிருந்து வந்திருந்தாள். முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தவள் சோற்றை முடித்தாள், கறியை முடித்தாள், பிறகு நாங்கள் எல்லோரும் தட்டின் ஓரம் ஒதுக்குகிற ஏலக்காய், கிராம்பு வகையறாவை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டாள். பிரிஞ்சி இலையை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் மென்றாள். உம்மா என் தொடையைக் கிள்ளி, "அவகிட்ட சொல்லேண்டி" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் இலை உள்ளே போய்விட்டது.

எடுத்த எதையும் பாதியில் விடமாட்டாள். அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்த தொல்லைகள்.

சிதம்பரத்தில் நான் படித்த கல்லூரிக்கு ஒரே ஒரு செமஸ்டர் படிக்க வந்தவள் அவள். பாடம் கடல் உயிரினம், அதிலும் நண்டு. வருவதற்கு முன்பே தமிழ் படிக்க ஆரம்பித்து, அதையும் பாதியில் விடாமல் பேசக் கற்றிருந்தாள். வெள்ளாற்றுச் சேற்றில் இறங்கி நண்டு பார்க்கத் தோதாக இருக்கும் என்று பரங்கிப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கினாள். வாப்பா ஜித்தாவில் இருந்தார். வீட்டில் உம்மாவும் நானும் மட்டும் என்பதால் ஒரு பெண்பிள்ளை கூட இருப்பது நல்லது என்று உம்மா ஒத்துக்கொண்டாள். அவள் பெயர் எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை. நண்டுக்காரி என்று வைத்துவிட்டார்கள். அவளுடைய முப்பாட்டன்மார் வந்து கோட்டை கட்டி வியாபாரம் செய்த ஊர், பரங்கி என்று ஊருக்குப் பெயர் வந்ததே அவர்களால்தான், அவளுக்கு ஒரு பெயரை மிச்சம் வைக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

சிதம்பரத்தில் டவுன் பஸ் ஏறினால் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்புவாள். "பஸ் எங்க முடியுதுன்னு பாக்க வேணாமா?" என்பாள். முடிகிற இடத்தில் ஒரு புளியமரமும் ஒரு டீக்கடையும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பி வருவாள். ஒருமுறை கீரப்பாளையம் பக்கம் போன பஸ்ஸில் கண்டக்டர் விசில் அடித்து அலுத்துப்போய், "எறங்கும்மா, வண்டி டிப்போவுக்குப் போவுது, அங்க வந்து நீ என்னா செய்யப் போற?" என்று கேட்டாராம். டிப்போவையும் பார்த்துவிட்டு வந்தாள்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்காவுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். நாங்கள் எல்லோரும் தாலி கட்டி முடித்ததும் பந்திக்கு ஓடி, சாப்பிட்டதும் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம். அவள் வரவில்லை. கல்யாணம் எப்போது முடியும் என்று யாரையோ கேட்டிருக்கிறாள், அவர் விளையாட்டாக, "பந்தல் பிரிச்சா முடிஞ்சுது" என்றிருக்கிறார். பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே வந்து கடைசியாக அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பெண்ணுடைய அப்பா இவள் யார், எந்த வீட்டு ஆள் என்று தெரியாமலேயே இரண்டாவது முறையாகச் சாப்பாடு போட்டிருக்கிறார். அதையும் மீதி வைக்கவில்லை.

இப்படிப்பட்டவளிடம் செமஸ்டர் முடிகிறது, ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றால் என்ன ஆகும்? பார்க்காமல் விட்ட இடங்களையெல்லாம் பார்த்து முடித்தாக வேண்டும் என்று கிளம்பினாள். பிச்சாவரத்தில் படகுக்காரர் வழக்கமாகத் திரும்புகிற இடத்தில் திரும்ப, இவள் அந்தக் கால்வாய் அப்புறம் எங்கே போகிறது என்று கேட்க, "மரத்துக்குள்ளதாம்மா போவுது" என்று அவர் சொல்ல, அதையும் பார்க்க வேண்டும் என்றாள். கடலூர் சில்வர் பீச்சுக்குக் கும்பலாகப் போனோம். நாங்கள் பஜ்ஜி வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம். அவள் கடற்கரை முடிகிற இடத்தைப் பார்க்க நடந்தாள். நாங்கள் பஜ்ஜி தின்று, டீ குடித்து, சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி பஜ்ஜி வாங்கின பிறகு ஒரு புள்ளியாகத் திரும்பி வந்தாள். "முடிஞ்சுது. ஆறு வந்து தடுக்குது" என்று எங்களுக்குத் தகவல் சொன்னாள்.

அந்த வாரத்தில்தான் உம்மா அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"ஏம்மா, ஊரெல்லாம் சுத்துறியே, தெருவுல பயணம் சொல்ல வேணாமா?"

எங்கள் ஊரில் பாதி ஆம்பிளைகள் வெளிநாட்டில். யார் கப்பலோ விமானமோ ஏறினாலும், கிளம்புவதற்கு முன்னால் சொந்தக்காரர் வீடு, அக்கம்பக்கத்து வீடு என்று ஒவ்வொரு வாசலாகப் போய், உள்ளே உட்கார்ந்து, பயணம் சொல்லிவிட்டு வர வேண்டும். ஏதாவது மனஸ்தாபம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த வீட்டுக்காரர்கள் குடிக்கவோ தின்னவோ கொடுப்பார்கள். கிளம்புகிற நாளில் பதிலுக்கு அவர்கள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று வழியனுப்ப வேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் போதும், அந்த வீடு அதை மறக்காது.

எங்கள் மாமா வீடு அப்படி மறக்காத வீடு.

உம்மாவுடன் பிறந்தவர் அவர் ஒருவர்தான். அதே தெருவில், நாங்கள் ஒரு முனை என்றால் அவர் மறுமுனை. சைக்கிள் பாகம் விற்கிற கடை வைத்திருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாப்பாவுக்கு ஜித்தாவிலிருந்து டிக்கெட் திடீரென்று முன்கூட்டியே வந்துவிட்டது. அவசர அவசரமாகத் தெருவில் பயணம் சொல்லிக்கொண்டே போனவர், மாமா வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. மாமாவும் மாமியும் கடலூருக்கு ஒரு விருந்துக்குப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வாப்பா வேனில் ஏறிவிட்டார். மறுநாள் மாமா எங்கள் வாசலில் வந்து நின்று, "உம் புருசன் எம் பூட்டுக்குப் பயணம் சொல்லிட்டுப் போயிருக்காரு" என்று உம்மாவிடம் சொன்னார். அண்ணனும் தங்கையும் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான்.

வாப்பா விடுமுறையில் வரும்போதெல்லாம் இது தீர்ந்துவிடும் என்று தெருவே எதிர்பார்க்கும். ஆனால் சபர் போய், அதாவது வெளிநாட்டுப் பயணம் போய், வந்தவரை ஊரில் இருப்பவர்தான் முதலில் வந்து பார்க்க வேண்டும், அதுவும் எங்கள் வழக்கம். "அவரு வந்து பாக்கட்டும், போவும்போது நா போயி சொல்றேன்" என்பார் வாப்பா. "அவரு பழைய பயணத்தச் சொல்லட்டும், நா போயி பாக்குறேன்" என்பார் மாமா. இருவர் பக்கமும் நியாயம் இருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. வாப்பா வந்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த பிறகு உம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. "ஒன் நிக்காஹ்வுக்கு தாய்மாமன் வந்து நிக்கலன்னா நா யாரு மூஞ்சில முழிக்கிறது?" என்று என்னிடம்தான் எரிந்து விழுவாள். போய்க் கூப்பிட வேண்டியதுதானே என்றால், "நா எதுக்குப் போறது? அவன் வரட்டும்" என்பாள். ரத்தம் ஒன்றுதான், சந்தேகமே இல்லை.

நண்டுக்காரியை நான்தான் வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லா வீட்டிலும் சர்பத், எல்லா வீட்டிலும் வட்டலப்பம், எல்லாவற்றையும் அவள் முடித்தாள். எல்லா வீட்டிலும் ஒரு பொட்டலமும் கொடுத்தார்கள். ஒரு பெரியம்மா, லண்டனில் இருக்கும் தன் மகனுக்குக் கருவாடு கொடுத்துவிட்டாள். இவள் ஊரிலிருந்து லண்டன் ரொம்ப தூரம் என்று சொல்லிப் பார்த்தேன். "பரங்கிப்பேட்டைய விடக் கிட்டதானே?" என்று கேட்டாள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பெட்டியின் எடை விமானத்துக்கு ஒத்துவருமா என்று பார்க்க மீன் ஏலம் விடுகிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தராசில் வைத்தோம். அதன் பிறகு கருவாட்டைத் தனியாக மறைத்து வைக்க அவசியமில்லாமல் போயிற்று, பெட்டி முழுக்க ஒரே மீன் வாசனை.

மாமா வீட்டை நான் பேசாமல் தாண்டினேன். அவள் நின்றுவிட்டாள்.

"இந்த வீடு?"

"இது வேணாம்."

"ஏன் வேணாம்?"

வெயிலில் நின்று கதை முழுவதையும் சொன்னேன். சொன்னால் புரிந்துகொண்டு நடப்பாள் என்று நினைத்தேன். "அப்ப இது இன்னும் முடியல" என்றாள். புளியமரத்தைத் தேடிப் போன அதே முகம். கேட்டைத் திறந்து உள்ளே போய்விட்டாள். பேச்சு வார்த்தை இல்லாத வீட்டுக்குள் நான் எப்படிப் போவது? தெருவில் நின்றேன். சன்னல் திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"நான் ஊருக்குப் போறேன். பயணம் சொல்ல வந்தேன். தப்பு செஞ்சிருந்தா பொறுத்துக்குங்க" என்றாள், உம்மா சொல்லிக்கொடுத்தபடி.

மாமா நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஒங்க ஆளுங்க இந்த ஊர வுட்டுப் போனப்ப ஒருத்தருக்கும் பயணம் சொல்லல. நீயாவது வந்தியே, ஒக்காரு" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். கொடுத்ததைக் குடித்தாள். கிளம்புகிற நேரத்தில், இத்தனை நாள் ஊரே தொடப் பயந்ததைச் சாவகாசமாக எடுத்தாள்.

"அந்த வீட்டு வாப்பாவோட பயணம் ஒண்ணு பாக்கி இருக்கு. அதையும் நானே சொல்லிடுறேன்."

"அவரு சொல்லச் சொன்னாரா?"

"இல்ல. நானா சொல்றேன்."

"அவரு போயி, வந்து, போயி, வந்து, மறுபடியும் போயிட்டாரேம்மா."

"ஆமா. ரொம்ப லேட்டு" என்று ஒத்துக்கொண்டாள்.

உள்ளே மாமி சிரித்தது கேட்டது. மாமா சிரித்தாரா என்று தெரியவில்லை. சற்றுப் பொறுத்து மாமி ஒரு டம்ளர் சர்பத்தோடு வெளியே வந்து கேட்டுக்கு மேலாக என்னிடம் நீட்டினாள். "குடிடி. சர்பத் குடிச்சா பேசுனதா ஆவாது. ஒங்க மாமாவக் கேட்டுட்டுத்தான் கொண்டாந்தேன்" என்றாள். குடித்தேன். அழுகை வந்தது, ஆனால் தெருவில் நின்று சர்பத் குடித்துக்கொண்டே அழுதால் நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா கத்தின கத்தலில் மாடியில் காயப்போட்ட துணி ஆடியிருக்கும். என் வீட்டு விருந்தாளி என்னைக் கேட்காமல் அங்கே எப்படிப் போகலாம், நீ ஏன் தடுக்கவில்லை, என் மானம் என்ன ஆகிறது. எல்லாம் முடிந்து அடுப்படிக்குப் போனவள் அங்கிருந்து, "கண்ணாடி மாத்திருக்கானாமே, புதுசு போட்டிருந்தானா?" என்று கேட்டாள். உம்மா தினமும் சன்னல் வழியாகப் பார்க்கிற ஆள்தான். நண்டுக்காரி பொறுமையாகக் கண்ணாடியின் நிறம் வரைக்கும் சொன்னாள். ராத்திரி சோறு போடும்போது, "சக்கர இருக்கு அவனுக்கு, சர்பத் அவனும் குடிச்சானா?" என்று கேட்டாள்.

கிளம்புகிற நாள் காலையில் சிதம்பரத்திலிருந்து வேன் வந்தது. அவளோடு வந்திருந்த வேறு நாட்டு மாணவர்கள் இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வர இருட்டிவிடும் என்று உம்மா என்னை விமான நிலையம் வரை போக விடவில்லை. தெரு முழுக்க வந்து நின்றது. பெட்டியை ஏற்றினார்கள், உள்ளே இருந்த இரண்டு பேரும் கண்ணாடியை இறக்கினார்கள். அவள் ஏறவில்லை.

"இன்னும் ஒருத்தர் வரணும்."

"ஏம்மா, ஏரோப்ளேனு என்னா டவுன் பஸ்ஸா, கையக் காட்டி நிறுத்துறதுக்கு?" என்றார் டிரைவர்.

"நான் பயணம் சொன்னேன். அவர் வரணும்" என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அவரவர் வேறு பக்கம் பார்த்தார்கள். உம்மா, "அவன் வரமாட்டான், நீ ஏறும்மா, நேரம் ஆவுது" என்றாள். சொல்லிவிட்டுத் தெருவின் அந்த முனையைப் பார்த்தாள். அவள் கை என் தோளில் இருந்தது, நகம் பதிகிற அளவுக்கு அழுத்தினாள். இப்போது வராவிட்டால் இனி எந்தக் காலத்திலும் வரமாட்டார், என் கல்யாணம் அவர் இல்லாமல்தான், இவர்கள் மவுத்தாகிக் கண்ணை மூடுகிற வரைக்கும் இப்படியேதான் என்று எனக்கும் தெரிந்தது.

டிரைவர் பொறுமை இழந்து நீளமாக ஹாரன் அடித்தார். மாமா வீட்டுக் கதவு திறந்தது.

"ஹாரன் அடிக்காதப்பா, மனுசங்க இருக்கிற தெரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார், வேனைக் கண்டிக்க வந்தவர் மாதிரி. வேனைக் கண்டிக்க யாரும் தேய்த்த சட்டையும் அத்தரும் போட்டுக்கொண்டு வரமாட்டார்கள். விடியற்காலை சுபுஹ் தொழுததிலிருந்தே அவர் உடுத்தித் தயாராகக் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததை மாமி பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

பயணம் கிளம்பும்போது அங்கே இருப்பவர்களில் பெரியவர் துஆ ஓத வேண்டும். வழக்கமாக ஓதுகிற பள்ளிவாசல் ஹஜ்ரத் வெளியூர் போயிருந்தார். கூட்டத்தில் மாமாவை விட மூத்த ஆம்பிளை வேறு யாருமில்லை. அவர் கையை ஏந்தினார். எல்லோரும் ஏந்தினோம். நண்டுக்காரியும் பார்த்து ஏந்தினாள். அரபியில் ஓதி முடித்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"யா அல்லாஹ், இந்தப் புள்ளய நல்லபடியா அதோட தாய் தகப்பன்கிட்ட சேத்துடு. பயணம் போன எல்லாரயும் பத்திரமா வச்சுக்க. சொல்லிட்டுப் போனவங்களையும், சொல்லாம போனவங்களையும்."

தெரு முழுவதும் ஆமீன் சொன்னது. உம்மா சொல்லவில்லை. துஆவுக்குள் வாப்பாவைக் கொண்டு வந்து வைத்துவிட்டார் மனுஷன், இனி சொல்லாமல் எப்படி இருப்பது? எல்லோரும் சொல்லி ஓய்ந்த பிறகு தனியாக, உரக்க, "ஆமீன்" என்றாள்.

மாமா கையை முகத்தில் தடவிக்கொண்டு, "இவ்ளோ சத்தமா சொன்னாத்தான் அல்லாவுக்குக் கேக்குமா?" என்றார்.

"அல்லாவுக்குக் கேக்கும். மத்தவங்களுக்குத்தான் காது மந்தம்" என்றாள் உம்மா.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் பேச்சை நிறுத்தவே இல்லை, பெரும்பாலும் சண்டைதான். என் நிக்காஹ்வில் மாமா பந்தியில் நின்று போட்ட ஆட்டத்தில், இவரைக் கூப்பிடாமலே இருந்திருக்கலாமோ என்று உம்மாவே சொன்னாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அன்று வேனுக்குப் பக்கத்தில் அவள் எல்லோரையும் கட்டிப்பிடித்தாள். உம்மாவை, மாமியை, கருவாட்டுப் பெரியம்மாவை, ஒருவரையும் விடவில்லை. அதற்காகத் தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் கொடுத்து வைத்திருந்தாள். கடைசியில் வந்து பாட்டிலை வாங்கினாள், ஏறினாள், கதவைச் சாத்தினாள். வேன் போய்விட்டது. தெரு மூலை திரும்புகிற வரைக்கும் நான் சிரித்த முகத்தோடுதான் நின்றிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அத்தனை வாசலுக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போன எனக்கு அவள் பயணம் சொல்லவில்லை.

இப்போது நான் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், இருக்கிறேன், வருஷங்கள் ஓடிவிட்டன. அவள் அடிக்கடி போன் செய்வாள். நண்டுப் படம் அனுப்புவாள். பேசுவேன், என் பிள்ளையைக் காட்டுவேன், எல்லாம் உண்டு. ஆனால் வருத்தம் வருத்தம்தான். போன வருஷம் கேட்டேவிட்டேன்.

"ஒரு வீடு விடாம சொன்னியே, எனக்கு ஏன்டி சொல்லல?"

 

"உன்கிட்ட சொன்னா முடிஞ்சிடும்ல" என்றாள்.

அன்றைக்குக் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அழுதேன். பிறகு பரங்கிப்பேட்டைக்குப் போனபோது மாமாவிடம் இதைச் சொன்னேன். உருகிப்போவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, "இதெல்லாம் சாக்கு. போன்ல சொன்னதெல்லாம் கணக்குல வராது. நேர்ல வாசலுக்கு வந்து சொல்லச் சொல்லு. அதுவரைக்கும் நீ வுடாத" என்றார்.

விடுவதாக இல்லை. வரட்டும் அவள்.